குட்டி குடித்த பால்

இதைச் சொன்னபோது என் நாத்தனார் அழவும் இல்லை, நடுங்கவும் இல்லை. தன் தீவன நோட்டை என் மடியில் போட்டு, "படிச்சுப் பாருங்க அண்ணி"ன்னு மட்டும் சொன்னாள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே மணி எழுதியிருந்தது. கதை கட்டுகிற ஆள் இல்லை அவள். ஒரு சின்னப் பொய் சொல்வதற்குள் காது மடல் சிவந்து தானே மாட்டிக்கொள்வாள். அன்றைக்கு அவள் காது சிவக்கவில்லை. முகம்தான் வெளுத்திருந்தது.

அவளுக்கு வேலை ஒரு கேளிக்கைப் பூங்காவில். ராட்டினங்களைத் தாண்டிப் போனால் கடைசியில் ஒரு சின்னப் பண்ணை. பிள்ளைகள் உள்ளே போய் ஆடு, கழுதை, முயல் எல்லாவற்றையும் தொட்டுத் தடவலாம். அவற்றுக்குத் தீனி வைப்பது, கொட்டில் கழுவுவது, குளம்பு வெட்டுவது எல்லாம் இவள்தான். பூங்காவில் அவளை எல்லாரும் 'ஆட்டக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தப் பண்ணையில் கூட்டம் அலைமோதுவது கண்ணாடி அறைக்கு முன்னால்தான். பிறந்து ஓரிரு வாரமே ஆன ஆட்டுக்குட்டியை அதில் வைத்திருப்பார்கள். வரிசையில் நின்றால் புட்டிப்பால் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். பால் ஆறிப்போயிருக்கும். குட்டிக்குத் தூக்கம் வரும். யார் கவலைப்பட்டார்கள்? அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அறுபத்துமூன்று பேர். சாயங்காலம் குட்டிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. திங்கட்கிழமை புட்டியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

டாக்டர் வந்து பார்த்தார். "உள்ள எதுவும் இறங்கல. நாளைக்கு சாயங்காலம் தாண்டுறது கஷ்டம்."

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு லீவுதானே? புதன்கிழமைக்கு வேற குட்டி சொல்லிடுறேன்."

இவள் குட்டியைத் துணியால் போர்த்திவிட்டுக் கிளம்பினாள். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள் என்று அவள் வீட்டுக்காரர் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு வார விடுமுறை. ராட்டினம் எதுவும் ஓடாது. வாசலில் ஒரு காவலாளி, உள்ளே இவள், அவ்வளவுதான். காலையிலிருந்து குட்டிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஊற்றிப் பார்த்தாள். எல்லாம் கடைவாய் வழியே வழிந்தது. அது பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. இரண்டு நாளாக எழுந்து நிற்கவே இல்லை. ஒன்றே முக்காலுக்குக் கண்ணாடி அறைக் கதவைத் தாழ் போட்டுவிட்டு, மற்றவற்றுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

மணி 2.05. கழுதை தண்ணீர் குடிப்பதைப் பாதியில் நிறுத்தியது. செம்மறிகள் இரண்டும் தலையைத் தூக்கின. ஆடுகளும் தூக்கின. எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன... வாசல் பக்கம். அங்கே யாரும் இல்லை.

2.09. சிமெண்டு நடையில் குளம்புச் சத்தம்.

டக்... டக்... டக்...

எதுவோ கொட்டிலை விட்டு வெளியே வந்துவிட்டது என்று நினைத்தாள். எண்ணினாள். ஆறு ஆடு, இரண்டு செம்மறி, ஒரு கழுதை. எல்லாம் உள்ளேதான் நின்றன. ஒன்றும் அசையவில்லை.

சத்தம் மட்டும் அவளைத் தாண்டிப் போனது. கூடவே ஒரு வாடை. பினாயில் கழுவிய தரையில் வரக்கூடாத வாடை. ஈன்ற ஈரமும் ரத்தமும் கலந்த கவிச்சி.

அவள் பின்னாலேயே போனாள். ஏன் போனாய் என்று கேட்டேன். "குட்டி அங்கதானே இருக்கு" என்றாள்.

2.14. கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். கண்ணாடியில் ஒரு வட்டம் பனி படிந்திருந்தது. அவள் இடுப்பு உயரத்தில். மூச்சு விட்டால் படியுமே, அதுபோல.

அது உள்பக்கம் இல்லை.

அவள் நின்றிருந்த பக்கம்.

வட்டம் மறைந்தது. மறுபடி படிந்தது. மறைந்தது... படிந்தது...

2.17. குட்டி தலையைத் தூக்கியது.

முன்னங்கால் ஊன்றியது. பின்னங்கால் ஊன்றியது. நின்றுவிட்டது.

வால் படபடவென்று ஆடியது. கழுத்தை நீட்டி மேலே முட்டியது. ஒன்றுமில்லாத இடத்தில், வெறும் காற்றில். மடியை முட்டும் குட்டி எப்படி முட்டுமோ, அப்படி.

பிறகு வாயைக் குவித்தது.

சப்... சப்... சப்...

தொண்டை ஏறி இறங்கியது. விழுங்குகிறது!

கதவின் தாழ் போட்டபடியே இருந்தது. திறந்தாள். ஒரு கால் உள்ளே வைத்தாள்.

முழங்காலில் ஒரு முட்டு.

பலமாக இல்லை. தள்ளிப் போ என்பதுபோல.

இன்னொரு அடி வைத்தாள்.

இந்த முட்டில் கீழே விழுந்தாள்.

முகத்துக்கு நேரே சூடான மூச்சு. புஸ்... புஸ்...

"நான் ஒண்ணும் பண்ணமாட்டேன்... நீ குடு... குடு..."

மூச்சு விலகியது.

சப்... சப்...

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

2.31. குளம்புச் சத்தம் வெளியே போனது. இந்தத் தடவை வேகமாக. அவசரமாக எங்கேயோ போக வேண்டியதுபோல. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது குட்டி கால்களை மடக்கிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. வயிறு உப்பியிருந்தது. தாடையில் ஏதோ வழிந்திருந்தது. துண்டின் ஓரத்தால் துடைத்தாள். பிசுபிசுவென்று மஞ்சளாக ஒட்டியது.

காவலாளிக்குப் போன் போட்டாள். "யாராவது உள்ள வந்தாங்களா?"

"பூட்டு பூட்டினபடியே இருக்கு ஆட்டக்கா. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

நாலு மணிக்கு டாக்டர் வந்தார், குட்டியின் கதை முடிந்திருக்கும் என்று நினைத்து. அது எழுந்து வந்து அவர் செருப்பை முகர்ந்தது. துண்டை வாங்கிப் பார்த்தார். விரலில் தேய்த்தார். மறுபடி தேய்த்தார்.

"சீம்பால் எங்க கிடைச்சுது?"

"நான் குடுக்கல டாக்டர்."

"இது ஈன்ன ஒண்ணு ரெண்டு நாள்லதான் வரும். இங்க ஈன்ன ஆடே கிடையாதே!"

அவள் கண்ணாடி அறைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் மேனேஜர் குதித்தார். "இனிமே குட்டிக்கு வரிசை கிடையாது சார். வேணும்னா என்னை அனுப்பிடுங்க"ன்னு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். டாக்டரும் அப்படியே எழுதிக் கொடுத்தார். மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே போனார். குட்டி இன்று மற்ற ஆடுகளோடு கொட்டிலில் துள்ளிக்கொண்டிருக்கிறது. நானே போய்ப் பார்த்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை, குட்டியை விற்ற ஆட்டு வியாபாரியைத் தேடிப்பிடித்துப் போனில் கேட்டாள். அதன் தாய் எங்கே?

"அது ஈன்ன அன்னிக்கே செத்துப்போச்சும்மா. குட்டியை நக்கக்கூட இல்ல. ஒரு சொட்டுப் பால் குடுக்கல. பத்தொன்பது நாளாச்சு."

அவள் போனை வைக்கப் போனாள்.

"ரெட்டைக்குட்டிம்மா. இன்னொண்ணு வேற பூங்காவுக்குப் போச்சு."

நம்பர் வாங்கிக்கொண்டாள். அந்தப் பூங்காவில் ஆடு பார்த்துக்கொள்கிறவர் பேசினார்.

"அந்தக் குட்டியா? அது பிழைக்காதுன்னுதான் இருந்தோம். செவ்வாய்க்கிழமை தானா எழுந்து நின்னுச்சு... வாயெல்லாம் மஞ்சளா..."

"மணி என்ன இருக்கும்?"

அவர் பக்கத்தில் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார்.

"கேமரால பார்த்தோம். ரெண்டு முப்பத்திரண்டு."

இரண்டு பூங்காக்களுக்கும் நடுவே நூற்றிருபது கிலோமீட்டர்.