நத்தைக்கு வைத்த பேனர்

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை ஏரல் பக்கம் ஒரு கொடிக்காலுக்குப் போயிருந்தேன். கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். உள்ளே நுழையும் இடத்தில் பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று கட்டியிருந்தது.

கல்யாண பேனர் இல்லை. காதுகுத்து பேனரும் இல்லை.

உடம்பெல்லாம் இரும்புக் கவசம் போட்ட ஒரு வெள்ளைக்கார வீரன் முட்டி போட்டு நிற்கிறான். அவனுடைய வாள் கீழே கிடக்கிறது. அவனுக்கு எதிரே... ஒரு நத்தை!

எனக்குத் தலை சுற்றியது. ஏனென்றால், அந்தப் படத்தை இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவந்து விட்டவனே நான்தான்.

எப்படி என்று கேட்கிறீர்களா?

உங்களுக்குத்தான் தெரியுமே – பகலெல்லாம் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுவது என் பிழைப்பு. பத்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ஆனால் பழைய ஏடு, பழைய படம் என்றால் சாப்பாடுகூட மறந்துபோகும். வெளிநாட்டு நூலகங்கள் தங்களிடம் உள்ள பழைய கையெழுத்துப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கின்றன. அச்சு இயந்திரம் வருவதற்கு முன்னால், ஆட்டுத்தோலிலும் கன்றுத்தோலிலும் மனிதர்கள் உட்கார்ந்து எழுதிய புத்தகங்கள். அதில் எனக்குப் பிடித்த படத்தை எடுத்து, தமிழில் நாலு வரி எழுதி, இணையத்தில் எனக்கென்று உள்ள பக்கத்தில் போடுவேன். ஏழாவது படிக்கிற என் மகள் செல்விதான் எழுத்துப்பிழை பார்ப்பாள்.

அந்தப் புத்தகங்களின் ஓரங்களில் நடக்கிற கூத்து இருக்கிறதே! முயல் வில்லெடுத்து வேட்டைக்காரனைத் துரத்தும். ஒரு பக்கத்தில் பூனை மையை மிதித்துவிட்டு நடந்து போயிருக்கும். தோலில் ஓட்டை விழுந்திருந்தால், எழுதுகிறவர் அந்த ஓட்டையையே வாயாக வைத்து ஒரு முகம் வரைந்திருப்பார். பக்கத்தின் நடுவில் பக்திப் பாட்டு, ஓரத்தில் குரங்குச் சேட்டை. உங்கள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அதில் ஒன்றுதான் இந்த நத்தை. ஒரு புத்தகத்தில் மட்டும் இல்லை. பல புத்தகங்களில் வீரனுக்கும் நத்தைக்கும் சண்டை. நிறையப் படங்களில் வீரன்தான் தோற்கிறான்! ஏன் இப்படி வரைந்தார்கள்? ஆராய்ச்சி செய்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நானும் உள்ளதை உள்ளபடி எழுதினேன் – ‘ஏன் வரைந்தார்கள் என்று உறுதியாக யாருக்கும் தெரியாது.’

கொஞ்ச நாள் கழித்து அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, ஒரு குரூப் வழியாக எனக்கே திரும்பி வந்தது. நான் எழுதிய வரியைக் காணோம். அதற்குப் பதிலாக, ‘தாமிரபரணிக் கரையில் கிடைத்த பழஞ்சுவடிப் படம். தோட்டத்து வாசலில் மாட்டினால் நத்தை அண்டாது. விவசாயி என்றால் பகிரவும்.’

செல்வி படித்துவிட்டுச் சொன்னாள். “எப்பா, நம்ம ஊரு வெயில்ல இரும்புச் சட்டை போட்டா அவன் வெந்துல்லா போவான்?”

“இதை எவன் ஏட்டி நம்பப் போறான்?” என்று நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

நம்பியது யார் தெரியுமா? என் மச்சான்.

சுடலைமுத்து மச்சான் என் மனைவி பேச்சியின் அண்ணன். காலம் பூராவும் வாழை போட்டவர், இந்தத் தடவைதான் துணிந்து கொடிக்கால் வைத்தார். மழை விழுந்ததும் நத்தை கிளம்பிவிட்டது. சின்ன நத்தை இல்லை, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் ஆப்பிரிக்க நத்தை. வெற்றிலையில் ஓட்டை விழுந்தால் சந்தையில் யார் வாங்குவார்கள்? முதல் வெற்றிலை கிள்ளுகிற நேரம் வேறு நெருங்கிவிட்டது. தினமும் விடியுமுன்னே உப்புத் தண்ணீர் வாளியோடு போய்ப் பொறுக்கிக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று நிறுத்திவிட்டார்.

மச்சானின் மனைவி சுந்தரி அக்கா போனில் ஒரே அழுகை. “ஏதோ ஒரு படத்தை மாட்டிட்டு நத்தை பொறுக்கப் போகமாட்டேங்காரு. கொடிக்கால் பூராவும் போயிரும் போல இருக்கு.”

அதனால்தான் நாங்கள் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம். பேனரைப் பார்த்ததும் பேச்சி என் கையில் நறுக்கென்று கிள்ளினாள். “படம் போட்டது நீங்கதான்னு வாயைத் திறந்துராதீங்க. அண்ணன் மனசு ஒடிஞ்சிரும்.”

அப்போதுதான் கவனித்தேன். பேனரின் மூலையில் மச்சானின் போட்டோ. வெள்ளைச் சட்டை, கூப்பிய கை, முகம் நிறையச் சிரிப்பு.

“இது எதுக்கு மச்சான்?”

“நான் கேக்கலை மாப்ளே. ‘அண்ணாச்சி போட்டோ இல்லாட்டா பேனர் மொட்டையா இருக்கும்’னு அந்த ஃப்ளெக்ஸ் கடைக்காரன் சேர்த்துட்டான்.”

உள்ளே போய்ப் பார்த்தேன். ஆற்றுப் பக்க வரிசைகளில் வெற்றிலை வெற்றிலையாக இல்லை, சல்லடையாக இருந்தது.

“நத்தை குறைஞ்சிருக்கா மச்சான்?”

“குறையும் வே. சுவடியில உள்ளது என்ன, சுவிட்சு போட்ட மாதிரியா வேலை செய்யும்? பைய பையத்தான் செய்யும்.”

பொறுக்க முடியவில்லை. பேச்சி முறைத்தது முறைத்தபடி இருக்க, நான் போனை எடுத்து என் பக்கத்தைக் காட்டினேன். “மச்சான், இது சுவடியே இல்லை. வெளிநாட்டுப் புத்தகத்துப் படம். நான்தான் போட்டேன். எவனோ கதை கட்டி விட்டிருக்கான்.”

மச்சான் உற்றுப் பார்த்தார். “ஓய்... படிச்சவங்க போட்டதை எடுத்து உம்ம பேருல போட்டுக்கிட்டீரோ? அதுலயும் ‘யாருக்கும் தெரியாது’ன்னு எழுதியிருக்கீரு! தெரியாத மனுசன் எதுக்குவே போடுதீரு?”

மச்சான் கேட்டது நியாயமா? நீங்களே சொல்லுங்கள்! படத்தை ஆயிரம் பேர் அனுப்புவார்கள், அதன் அடியில் கிடக்கிற ‘தெரியாது’வை மட்டும் யாரும் அனுப்ப மாட்டார்கள். தெரியாது என்று உண்மை சொல்கிறவனைவிட, அடித்துப் பேசுகிற பொய்யனுக்கு மரியாதை ஜாஸ்தி.

நான் விடவில்லை. “அவன் வெள்ளைக்காரனால்லா இருக்கான் மச்சான்?”

“இரும்புக்குள்ளயே கெடந்தா நீரும்தான் வெளுத்துப் போவீரு.”

“சரி, நத்தைகிட்ட தோத்துப் போயில்லா நிக்கான்? வாளு கீழ கெடக்கு பாரும்.”

“தோக்கலை வே. சமாதானம் பேசுதான்.”

அதுவரை வாயைப் பொத்திக்கொண்டு நின்ற பேச்சியால் முடியவில்லை. “அண்ணே... ஒண்ணு சொல்லட்டா? அவன் முட்டி போட்டுக் கெடக்கான். நீ கும்பிட்டுக்கிட்டு நிக்கே. ரெண்டு பேருமாச் சேர்ந்து, ‘வாங்க வாங்க, சாப்பிட்டுட்டுத்தான் போணும்’னு நத்தையைக் கூப்பிடுத மாதிரில்லா இருக்கு!”

சுந்தரி அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கினார். செல்வி என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்து, பேனரில் நிஜ நத்தை ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. மச்சானின் கூப்பிய கைமேல் பளபளவென்று ஒரு கோடு போட்டுவிட்டு, கன்னத்தில் போய் நின்றது.

“அந்தா, விருந்தாளி வந்தாச்சு!” என்றார் சுந்தரி அக்கா.

எல்லோரும் சிரித்தோம். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை.

வரப்பில் உட்கார்ந்துவிட்டார். “குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு ஒடிஞ்சு போச்சு மாப்ளே. இன்னைக்கு வாளி நிறையப் பொறுக்குனா, நாளைக்கு அதே அளவுக்கு நிக்கி. இனிமே நீ பொறுக்க வேண்டாம், ஒரு படம் பாத்துக்கிடும்னு ஒருத்தன் சொன்னா... கேக்க நல்லாத்தான இருக்கு?”

மச்சான் ஏமாளி இல்லை, பிள்ளைகளே. களைத்துப்போன மனிதர். அவ்வளவுதான்.

அவரே எழுந்து கயிற்றை அறுத்தார். பேனரை இழுத்துச் சுருட்டாமல் கொள்ளாமல் வரப்போரப் புல்லில் வீசினார். “சவம், கெடக்கட்டும்.” பிறகு ஆளுக்கு ஒரு வாளி. இருட்டும்வரை பொறுக்கினோம். ராத்திரி நல்ல மழை. திங்கட்கிழமை மழை லீவு விட்டார்களே, அதே மழைதான். நீங்கள் எல்லோரும் போர்வைக்குள் சந்தோஷமாக இருந்தபோது, நாங்கள் விடியுமுன்னே கொடிக்காலில் நின்றோம்.

மாட்டுக் கொட்டகைக்கு மூடவாவது ஆகுமே என்று மச்சான் புல்லில் கிடந்த பேனரைத் தூக்கினார்.

தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

அடியில் நத்தைகள்! பெரிசும் சிறிசுமாக, பந்திக்கு உட்கார்ந்த மாதிரி நெருக்கிக்கொண்டு கிடந்தன. வரிசை வரிசையாகத் தேட வேண்டிய வேலையே இல்லை. அள்ளி அள்ளி வாளியில் போட்டோம்.

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். முதல் நாள் ஒடிந்து கிடந்த இடுப்பு நிமிர்ந்துவிட்டது.

“பாத்தீரா மாப்ளே! சுவடி வேலை செய்யுது! மாட்டுனதுதான் தப்பு. குப்புறல்லா போடணும்!”

“மச்சான், விடியப் போகுதுன்னதும் நத்தை இருட்டும் ஈரமும் தேடி ஒதுங்கும். ஒரு ஈரச் சாக்கு போட்டாலும் இப்படித்தான்...”

“யாருக்கும் தெரியாதுன்னு எழுதுன ஆளுதான நீரு? பேசாம வாளியைப் பிடியும்.”

பிடித்தேன். வேறென்ன செய்ய?

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பேனரைக் கொடிக்காலுக்குள் ஒவ்வொரு இடமாக விரிக்கிறார், விடிந்ததும் அள்ளுகிறார். ஆற்றுப் பக்க வரிசைகள் போனது போனதுதான். மிச்சம் தப்பித்துவிட்டது. நேற்று முதல் வெற்றிலை கிள்ளி, ஓட்டை இல்லாத கட்டு ஒன்றை வாழைமட்டையில் பொதிந்து பஸ்ஸில் கொடுத்துவிட்டிருந்தார். பேச்சி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கதை இதோடு முடிந்ததா? மச்சான் பேனர் படத்தோடு குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டார். இப்போது ஆற்றோரம் ஆத்தூர் வரைக்கும் கொடிக்கால்களில் இரும்புச் சட்டை வீரன் குப்புறக் கிடக்கிறானாம். எல்லா பேனரிலும் மூலையில் மச்சான் கும்பிடுகிறாராம்!

நானும் சும்மா இருக்கவில்லை. ‘பேனர் தேவையில்லை, ஈரச் சாக்கே போதும்’ என்று என் பக்கத்தில் விளக்கமாக எழுதினேன். சாக்கைப் படமும் எடுத்துப் போட்டேன். இதுவரை லைக் போட்டிருப்பது செல்வி மட்டும்தான்.

நியாயம்தானே... சாக்கில் யார் போட்டோ இருக்கிறது?