துப்பட்டாவில் ஒரு முடிச்சு

போன கார்த்திகை மழையில் கடலூரில் எங்கள் தெருவுக்குள் ஏறிய தண்ணீர் வடிந்த பிறகும், வெளிச்சுவரில் அதன் பழுப்புக் கோடு தங்கிவிட்டது. அன்று என் மகளுக்கு இளைப்பு. மின்சாரம் இல்லாததால் நெபுலைசர் ஓடவில்லை. மூச்சுக்கு மூச்சு அவள் விலா உள்ளே குழிவதைப் பார்த்தபடி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். படகு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தது. அதனால், ஜீப் மாதிரி உயரமான வண்டி வாங்கலாம் என்று கணவர் சொன்னபோது நான் மறுக்கவில்லை.

அவருக்கு நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். கூரையைக் கழற்ற முடியவேண்டும். முன்னால் இரண்டு கதவு போதும், அதுதான் கம்பீரம் என்றார். எனக்கு இருந்தது ஒரே கேள்வி: எவ்வளவு தண்ணீரில் போகும்?

ஷோரூமுக்குக் கிளம்பும் முன் துப்பட்டாவின் ஒரு நுனியைத் தரையில் மிதித்துக்கொண்டு, சுவர்க்கோட்டின் உயரத்தில் முடிச்சுப் போட்டேன்.

"முட்டிக்கு மேல தண்ணி இருந்தாலும் போவும் மேடம்," என்றார் விற்பனையாளர்.

"இஞ்சின் எது வழியா மூச்சு விடுது?"

அவர் சிரித்துவிட்டு பானெட்டைத் திறந்து, விளக்குக்குப் பின்னால் காற்று உள்ளே போகும் குழாயைக் காட்டினார். இவ்வளவு பெரிய வண்டிக்கு இவ்வளவு சின்ன மூக்கா என்று குனிந்து பார்த்தேன். துப்பட்டாவைத் தரையிலிருந்து நீட்டிப் பிடித்தேன். முடிச்சு அந்த மூக்கைத் தாண்டி நின்றது.

"ஏம்மா, பாக்குறாங்க எல்லாரும்," என்று கணவர் பல்லைக் கடித்தார்.

"பாக்கட்டும் மாமா. முங்கிடும்ல இது?"

"அப்ப படகுதான் வாங்கணும் உனக்கு."

விற்பனையாளர் சிரிக்கவில்லை. "அவ்ளோ தண்ணியில எந்த வண்டியையும் எறக்கக் கூடாது மேடம். தண்ணி வர்றதுக்கு முன்னாடி கெளம்பிடணும்."

ஏன் இது எனக்குத் தோன்றவில்லை? தண்ணீரைக் கடக்க அல்ல, அதற்கு முன்பே சிதம்பரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேரத்தான் வண்டி. அப்படியானால் வழியில் இளைப்பு வந்தால்? பையிலிருந்து நெபுலைசரை எடுத்து, "இத எங்க சொருவுறது?" என்று கேட்டேன். அவர் ஒரு சின்ன இன்வெர்ட்டரைக் கொண்டுவந்து சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகினார். மிஷின் குர்ரென்று ஓடியது.

அதுவரை டயரைத் தடவிக்கொண்டிருந்த மகள், சத்தம் கேட்டதும் ஓடிவந்து, பழக்கத்தில் முகத்தை நிமிர்த்தி மாஸ்க்குக்காகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கணவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, முன் சீட்டை மடக்கினால்தான் ஏற முடிகிற பின்சீட்டைப் பார்த்தார். "நாலு கதவு வச்சது காட்டுங்க," என்றார்.

இந்த வருடம் வானம் கருத்ததுமே கிளம்பிவிட்டோம். அவசரப்படுகிறேனோ என்ற உறுத்தல் ஊர் எல்லை தாண்டியும் போகவில்லை. புதுச்சத்திரம் தாண்டியதும் மகளுக்கு இளைக்க ஆரம்பித்தது. ஓரம் கட்டினோம். நான் பின்கதவைத் திறந்து அவள் பக்கத்தில் ஏறினேன். கணவர் இஞ்சினை அணைக்கவில்லை. மடியில் மிஷின் ஓடியது. அவள் விலாவில் கையை வைத்திருந்தேன். குழிவு மெல்லக் குறைந்தது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார். "இங்க தூறலோட நின்னுபோச்சுடி. எதுக்கு அப்படி ஓடுனீங்க?"

போனோடு அம்மா வீட்டுக் கட்டில் பக்கம் திரும்பினேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.