ஏழாம் இலக்கத்தில் ஒரு வாக்கியம்

அண்ணனின் நினைவாக வரும் இம்மலரின் கடைசிப் பக்கங்களில் அண்ணன் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல் இருக்கிறது. கால்நடைகளின் தீவனம் பற்றியும் அவற்றின் உடல் இயங்கும் விதம் பற்றியும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. உறவினர் எவரும் அவற்றை வாசித்ததில்லை. பத்திரிகைகளில் பகிடிக் கட்டுரை எழுதி நாலு பேருக்குத் தெரிந்தவனான நானும் வாசித்ததில்லை. சிரிக்க ஒன்றும் இராது என்ற எண்ணம். பட்டியலைத் தொகுக்கும் வேலை என்னிடம் வந்ததால்தான், அண்ணன் இல்லாத வீட்டில், அவருடைய மேசையில் இருந்து முதல் முறையாக அவரை வாசித்தேன்.

அண்ணன் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், மண்டூரில், வயலும் எருமைப் பட்டியும் உள்ள வீட்டில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா எங்கள் சிறுவயதிலேயே காலமாகிவிட்டார். தோணியில் வாவி கடந்து பள்ளிக்கூடம் போய், மலைநாட்டுப் பல்கலைக்கழகம் வரை படித்தார் அண்ணன். அதே தோணியில் போய்வந்து நாவல்கள் மட்டும் வாசித்தவன் நான். கோடையில் வைக்கோலைத் தவிர வேறொன்றும் இல்லாமல் எங்கள் எருமைகள் மெலிவதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். உத்தியோகம் கிடைத்த பின்னும் அந்தக் கவலை அவரை விடவில்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் ஆறு கன்றுகளை எங்கள் வளவிலேயே இரண்டாகப் பிரித்துக் கட்டினார். மூன்றுக்கு வைக்கோல் மட்டும். மற்ற மூன்றுக்கு வைக்கோலோடு தேங்காய்ப் பிண்ணாக்கு. எது எவ்வளவு வளர்கிறது என்று பார்க்க வேண்டும். அவருக்கு லீவு இல்லை. வேலை தேடுவதையே வேலையாக வைத்திருந்த இருபத்தெட்டு வயதுத் தம்பியிடம் பொறுப்பு வந்தது.

“பாவம் பாக்கிறவனெண்டா இப்பவே சொல்லுடா. வேற ஆளப் பிடிக்கிறன்.”

“எருமையில என்ன பாவம் அண்ணே? நான் உங்களையே பாவம் பாக்கிறல்ல.”

பாவம் பார்த்தேன். அந்தப் பக்கத்து மூன்றும் பிண்ணாக்குத் தின்ன, இந்தப் பக்கத்து மூன்றும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. கடையில் கூடுதலாகப் பிண்ணாக்கு வாங்கி, பின்னேரம் தோறும் அவற்றுக்கும் இரண்டு இரண்டு பிடி போட்டேன். விஞ்ஞானத்துக்கு நான் செய்த ஒரே தொண்டு அது.

மாதங்கள் கழித்து அண்ணன் வந்து நாடா பிடித்து அளந்தார். அன்று இருந்த முகம் அவருக்குக் கலியாணத்தன்றும் இருக்கவில்லை.

“வைக்கல் மட்டும் திண்டதும் கிட்டத்தட்ட அந்தளவுக்கு வளந்திருக்குடா! பிண்ணாக்கு வாங்க ஏலாத சனத்துக்கு இது எப்பிடியான சேதி தெரியுமா?”

அந்த முகத்தின் முன்னே என் வாய் திறக்கவில்லை. கட்டுரை வெளியானது, பட்டியலில் அது ஆறாம் இலக்கம். அண்ணன் சொல்லை நம்பி வெல்லாவெளியில் ஒரு வேளாண்மைக்காரர் பிண்ணாக்கை நிறுத்தினார். அவருடைய கன்றுகள் எலும்பாகின. ஒன்று செத்தது. அண்ணன் நேரில் போய்ப் பார்த்தார். நாலைந்து நாள் கழித்து என் முன்னே வந்து இருந்தார்.

“தம்பி, அதுகளுக்கு வேற ஏதும் குடுத்தியா?”

“இல்ல அண்ணே.”

“சரி.”

அவ்வளவுதான். தானே பக்கத்தில் நின்று சோதனையைத் திரும்பச் செய்தார். முந்திய முடிவு பிழை என்று ஒரு திருத்தம் எழுதி வெளியிட்டார். அது ஏழாம் இலக்கம். அந்த வருடம் வரவிருந்த வெளிநாட்டுப் புலமைப்பரிசில் வரவில்லை. “குளிர் எனக்கு ஒத்துவராது” என்றார். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த கட்டுரைகள் எல்லாவற்றுக்கும் தீவனம் போட்டவர் அண்ணனே.

பல வருடங்கள் கழித்து, இதயம் தளர்ந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் அவர் கிடந்தபோது நாள் தவறாமல் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றே வாயெடுப்பேன். வருவது இன்னொரு பகிடியாக இருக்கும். “போதும்டா, நெஞ்சு நோகுது” என்று மூச்சு வாங்கச் சிரிப்பார். அப்படிச் சிரித்த ஒரு கிழமையிலேயே எங்களை விட்டுப் போய்விட்டார்.

ஏழாம் இலக்கத்தைப் போன கிழமைதான் வாசித்தேன். அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது: கன்றுகளுக்குத் தீவனமிட்டவன் நானே, பிழை முழுவதும் என் கவனக்குறைவால் வந்தது.

தாளை எடுத்துக்கொண்டு அண்ணனின் மனைவியான மச்சாளிடம் போனேன்.

“அவருக்குத் தெரியும் தம்பி. பிண்ணாக்குக் கடையில விசாரிச்சுப் போட்டுத்தான் உங்களிட்டக் கேட்டவர்.”

“பிறகேன் ஒரு சொல்லும் சொல்லல்ல?”

“நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தவர்.”

“எவ்வளவு காலம் மச்சாள்?”

மச்சாள் தாளை வாங்கி மேசையில் வைத்தார். பட்டியலில் ஏழாம் இலக்கத்தின் கீழ் ஒரு குறிப்புச் சேர்க்கட்டுமா என்று கேட்டேன்.

“அவர்ர பட்டியல்ல கை வைக்காதீங்க. உங்களுக்குச் சொல்ல இருக்கிறத உங்கட பேரில எழுதுங்க.”

அதனால் இங்கே எழுதுகிறேன்.

அண்ணனைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், சேதி கேட்டு ஆரையம்பதியிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்த உறவினர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டு வந்த அயலவர்களுக்கும் குடும்பத்தார் சார்பில் நன்றி கூறுகிறேன். வெல்லாவெளி வேளாண்மைக்காரரும் வந்து பாடைக்குத் தோள் கொடுத்தார். அவருக்கு நன்றி சொன்னால் மட்டும் போதாது. ஐயா, இத்தனை வருடமும் நீங்கள் கோபித்திருக்க வேண்டியது என்னை. மன்னிக்க வேண்டும்.

இம்மலரைப் பெற்றுக்கொள்ளும் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். பட்டியலிலுள்ள கட்டுரைகள் என்றாவது உங்கள் பிள்ளைகளின் கையில் கிடைத்தால், அண்ணன் எழுதியதை, ஏழாம் இலக்கத்துத் திருத்தத்தோடு சேர்த்து, அப்படியே நம்பச் சொல்லுங்கள். திருத்தத்திலுள்ள அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

தம்பி