மெயின் ரோட்டில் நடந்த கல்யாணம்

ஆம்பூரில் ரோடு என்றால் ஒன்றுதான். மற்றதெல்லாம் தெரு, சந்து, லைன். லாரிக்காரர்களுக்கு அது மெட்ராஸ்–பெங்களூர் ரோடு. சர்க்கார் காகிதங்களில் அதற்கு ஏதோ ஒரு நம்பர் இருந்தது. எங்களுக்கு அது மெயின் ரோடு. "ரோட்டுக்குப் போய்ட்டு வர்றேன்" என்று யாராவது சொன்னால் எந்த ரோடு என்று வீட்டில் கேட்க மாட்டார்கள்.

நான் பெண்கள் பள்ளியில் சரித்திரம் எடுத்தேன். நவாபு, பிரெஞ்சுக்காரன், கும்பினிக்காரன் என்று ஆற்காட்டுச் சண்டைகளைச் சொல்லிக்கொண்டு வரும்போது பாதி வகுப்பு தூங்கி வழியும். "அந்தப் படையெல்லாம் நம்ம ரோடு பக்கமாத்தான் போச்சு" என்று சொன்னால் போதும், கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். "பிரியாணிக் கடை வழியாவா டீச்சர்?" என்று ஒருத்தி ஒருமுறை கேட்டாள். அப்போது கடை ஏது என்று சொல்லிச் சிரித்தேன். ஆனால் அவள் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. படை போனாலும் பட்டாளம் போனாலும் அந்த ரோட்டில் நின்று பசியாறித்தான் போயிருக்க வேண்டும்.

ரோட்டின் கிழக்குக் கோடியில், வேலூர் பக்கம், எங்கள் வீடு. அங்கே புளியமரங்கள் இரண்டு பக்கமும் கை கோர்த்தாற்போல நிற்கும். மேற்கே போகப் போக பஜார் வரும். ரோடு அங்கே குறுகிவிடும். ஜவுளிக் கடை, இரும்புக் கடை, தோல் மண்டிகள், டீக்கடைகள். ஒரு கடையில் உருது, அடுத்ததில் தமிழ், மூலையில் காய் விற்கிற அம்மாளிடம் தெலுங்கு. பஜாரைத் தாண்டி மறுபடி ரோடு அகலமாகும் இடத்தில் எங்கள் கோயில், அதாவது சர்ச். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை முடிந்து வரும் கூட்டம், சாமி ஊர்வலம், எங்களுடைய குருத்தோலைப் பவனி, கட்சி ஊர்வலம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே ரோடுதான். ஒருத்தர் ஊர்வலம் போகும்போது மற்றவர்கள் கடை வாசலில் நின்று பார்ப்பார்கள். பிறகு இவர்கள் முறை வரும், அவர்கள் பார்ப்பார்கள்.

எண்பதுகளில் ஷூ கம்பெனிகள் பெருகியபோது சாயங்கால ரோடு பெண்களுடையதாக ஆனது. சங்கு ஊதியதும் டிபன் பாக்ஸும் கையுமாக அலை அலையாக வருவார்கள். என்னிடம் படித்தவர்கள் பலர் அதில் இருப்பார்கள். "டீச்சர், இன்னா இந்தப் பக்கம்?" என்று நிறுத்திப் பேசுவார்கள். அப்போதெல்லாம் நான் வேலூரில் குடியிருந்து, விடுமுறைக்கு வருகிறவளாக ஆகிவிட்டிருந்தேன். நான் வேலூருக்குப் போகக் காரணமான என் கல்யாணமும் அந்த ரோட்டில்தான் பாதி நடந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எழுபதுகளின் நடுவில், ஒரு மே மாதம். மாப்பிள்ளை வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். பெண் பார்க்க வந்தபோது ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். காப்பி நன்றாக இருக்கிறது என்று என் அம்மாவிடம் சொன்னார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. பேசத் தெரியாத ஆளோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. எங்கள் அப்பா அரசு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். ரோட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அவர் கையால் மருந்து வாங்கிக் குடிக்காத ஆள் இல்லை.

காலையில் வெள்ளைப் பட்டுப் புடவை கட்டி, தலையில் நெட் வைத்து, கையில் பூச்செண்டைக் கொடுத்து, என்னை வாடகைக் காரில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் அம்மா, முன்னால் அப்பா. கார் புளியமரங்களைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு வரை நன்றாகப் போனது. அதற்கு மேல் நகரவில்லை. முன்னால் லாரிகள், பஸ்கள், குதிரை வண்டிகள் எல்லாம் நின்றிருந்தன. சற்று நேரத்தில் பின்னாலும் அடைத்துக்கொண்டது. டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பச்சைத் தோல் லோடு சார். பஜார்ல ஆக்ஸில் முறிஞ்சு குறுக்கால படுத்துக்கிச்சு. இப்போதைக்கு வழி கெடைக்காது."

பச்சைத் தோல் என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டேனரிக்கு வருகிற, உப்புப் போட்ட, இன்னும் பதப்படாத தோல். மே மாத வெயிலில் அது ரோட்டில் கொட்டினால் எப்படி இருக்கும் என்பதைக் காற்றே எங்களிடம் கொண்டுவந்து சொன்னது. அம்மா என் புடவையைப் பார்த்தாள். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

"நடந்துடலாம்" என்றார்.

"கல்யாணப் பொண்ணா? ரோட்டுலயா?" என்றாள் அம்மா.

"இங்கயே உக்காந்திருந்தா மட்டும் ஐயர் கார்ல வந்து தாலி எடுத்துக் குடுப்பாரா?" எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.

இறங்கினேன். புதுச் செருப்பு, ஊரிலேயே தைத்தது, காலைக் கடித்தது. அப்பா முன்னால், நான் நடுவில், அம்மா என் புடவையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால். நின்றிருந்த பஸ்களின் ஜன்னல்களெல்லாம் தலைகளாக இருந்தன. முதலில் தலையைக் குனிந்துகொண்டுதான் நடந்தேன். ஆனால் அந்த ரோட்டில் நான் குனிந்து நடந்து பழகியவள் இல்லை. பள்ளிக்கூடம் போக, சர்ச்சுக்குப் போக, மருந்துக் கடைக்குப் போக என்று பிறந்ததிலிருந்து நடந்த ரோடு. டீக்கடை வாசலில் இருந்தவர்கள் பெஞ்சை உள்ளே இழுத்து வழி விட்டார்கள். ஜவுளிக் கடைக்காரர் ஒரு பெரிய கறுப்புக் குடையைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். "வெயில் ஜாஸ்தி. அப்புறமா குடுத்தா போதும்மா." தலை தானாக நிமிர்ந்துகொண்டது.

லாரி இருந்த இடத்துக்கு வந்தோம். ஒரு யானை களைத்துப்போய்ப் படுத்த மாதிரி ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. ஒரு பக்கம் புளியமரத்தில் முட்டியிருந்தது. மறு பக்கம் கடைகளுக்கு முன்னால் தோல் கட்டுகள் அவிழ்ந்து கிடந்தன. உப்புத் தண்ணீரும் இரத்தத் தண்ணீரும் சேர்ந்து ரோட்டில் ஓடி சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தன. பக்கத்து டேனரி ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் வந்து கட்டுகளைத் தூக்கி ஓரமாகப் போட ஆரம்பித்திருந்தார்கள். நான் மூக்கைப் பொத்தவில்லை. எங்கள் ஊரில் சோறு வருவது அந்த வாடையிலிருந்துதான்.

லாரி டிரைவர் ஒரு கடைப்படியில் உட்கார்ந்திருந்தார். நெல்லூர்ப் பக்கத்து ஆள். முழங்கையிலிருந்து ரத்தம் ஒழுக, துண்டால் அழுத்திப் பிடித்திருந்தார். அப்பா அவரைப் பார்த்தார். எனக்கும் அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது.

"இன்னாங்க, இன்னிக்குக் கல்யாணம்" என்றாள் அம்மா, மெதுவாக.

"தெரியுது. கை ஒடஞ்சிருக்கான்னு மட்டும் பார்த்துட்டு வந்துடறேன்" என்று அப்பா கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். இரும்புக் கடையிலிருந்து வெந்நீர் வந்தது, எங்கிருந்தோ துணி வந்தது. கல்யாணத்துக்கென்று தைத்த வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு அப்பா தரையில் குந்தி உட்கார்ந்து காயத்தைக் கழுவினார். பெண் ஒரு கையில் பூச்செண்டும் மறு கையில் அப்பாவின் கோட்டுமாக வெயிலில் நின்றாள்.

அந்த நேரத்தில்தான் லாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைக்கிள் மணி கேட்டது. பிரியாணி மாஸ்டர் அனுப்பிய ஆள். சர்ச்சுக்குப் பின்னால் பந்தலில் விருந்துச் சமையல் நடந்துகொண்டிருந்தது. அவர் லாரிக்கு மேலாகக் கத்தினார்.

"கம்பவுண்டர் சார், தம் போட்டாச்சுன்னு மாஸ்டர் சொல்லச் சொன்னாரு. நேரமாச்சுன்னா அரிசி கொழஞ்சிடும், நான் பொறுப்பில்லைன்னாரு."

"இன்னும் பொண்ணே வரல, தம்மு போட்டுட்டாரா?" என்றார் அப்பா, கட்டுப் போட்டுக்கொண்டே.

"பத்து மணிக் கல்யாணம்னு நீங்கதான் சொன்னீங்களாம்."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நெல்லூர்க்காரர்கூட வலியோடு சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகுதான் பஜார் அந்தக் காரியத்தைத் தன் காரியமாக எடுத்துக்கொண்டது. கல்யாணம் தாமதமாவது ஒரு விஷயம். பிரியாணி குழைவது வேறு விஷயம்.

இரும்புக் கடை பாய் உள்ளே போய்த் தன் கடையின் கதவுப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் கடைகளுக்கு ஷட்டர் கிடையாது. ராத்திரி ஒவ்வொன்றாகச் சொருகி மூடுகிற நீளப் பலகைகள்தான். "என்னுது பத்தாது, உங்களுதும் எடுங்க" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னார். வரிசையாகப் பலகைகள் வந்தன. டேனரி ஆட்கள் கோணியை மடித்து அடியில் கொடுத்து, பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாக அந்தத் தண்ணீருக்கு மேல் பரப்பினார்கள். லாரியின் வாலுக்கும் கடைகளுக்கும் நடுவே ஒருத்தர் மட்டும் நடக்கிற அகலத்தில் ஒரு பாலம் உருவானது.

"சரி, பொண்ணு வரட்டும்" என்றார் பாய்.

பின்னாலிருந்து யாரோ, "மாப்பிள்ளையும் இங்கதான் வர்றாரு" என்றார்கள்.

திரும்பிப் பார்த்தேன். வேலூரிலிருந்து வந்த அவர்கள் வேனும் எங்கள் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்ததாம். கோட்டு சூட்டும் டையுமாக, முகமெல்லாம் வியர்வையாக, தன் அக்காவோடும் மாமாவோடும் நடந்து வந்துகொண்டிருந்தார். பெண்ணுக்கு முன்னால் சர்ச்சில் போய் நின்றிருக்க வேண்டிய மாப்பிள்ளை. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். எங்கே பார்ப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. பஜார் முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்து கோட்டை வாங்கிக்கொண்டார். "மாப்பிள்ளை, நீங்க முன்னாடி போங்க. நீங்க போய் நின்னாத்தான் ஐயருக்கு நிம்மதி" என்றார்.

அவர் பலகை மேல் ஏறி நடந்தார். பாதி தூரம் போனவர் நின்றார். திரும்பி என் காலைப் பார்த்தார்.

"செருப்பைக் கழட்டிடுங்க. பலகை வழுக்குது" என்றார்.

அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. நான் செருப்பைக் கழற்றினேன். அம்மா அதை எடுத்துக்கொண்டாள். பலகையில் கால் வைத்ததும் அது லேசாக ஆடியது. ஒரு கையில் பூச்செண்டு, மறு கையில் புடவை. நான் தடுமாறுவதைப் பார்த்து அவர் கையை நீட்டினார்.

அந்த நாளில் எங்கள் ஊரில் தாலி கட்டுவதற்கு முன்னால், அதுவும் மெயின் ரோட்டில், மாப்பிள்ளை கையைப் பெண் பிடிப்பது என்பது நடக்கிற காரியம் இல்லை. புருஷனும் பெண்டாட்டியுமே ரோட்டில் நாலடி தள்ளித்தான் நடப்பார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா திடீரென்று குடையின் கம்பியை மிகவும் கவனமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். நான் பூச்செண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் கையைப் பிடித்தேன். அவரும் இறுகப் பிடித்துக்கொண்டார். பலகை முடிகிற வரை விடவில்லை. பயம் என்று ஒன்று இருந்ததல்லவா எனக்கு, அது அந்தப் பலகைகளிலேயே எங்கோ விழுந்துவிட்டது.

அந்தப் பக்கம் இறங்கியதும் அவர் கையை விட்டுவிட்டு, யாரோ துரத்துவதுபோல சர்ச்சை நோக்கி வேகமாக நடந்தார். டேனரி ஆள் ஒருவர், "மாப்ளே, மெதுவா போங்க, பொண்ணு எங்கயும் போய்டாது" என்றார்.

கல்யாணம் நடந்தது. ஐயர் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார். பின்னாலிருந்து வந்த பிரியாணி வாசனை அவரையும் அசைத்திருக்க வேண்டும். அரிசி குழையவில்லை. மாஸ்டர் தம்மைப் பிரித்து, ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்து, அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அது அவருடைய மன்னிப்பு.

அப்பா ஆள் அனுப்பிப் பலகை போட்டவர்களையெல்லாம் கூப்பிட்டார். இரும்புக் கடை பாய் வந்தார். டேனரி ஆட்கள், "நாங்க நாறிப் போயிருக்கோம் சார், அப்புறம் வர்றோம்" என்றார்கள். அப்பா விடவில்லை. பந்தல் ஓரத்தில் தண்ணீர் வைத்து, கைகால் கழுவச் சொல்லி, என் மாமனார் வீட்டாரோடு ஒரே வரிசையில் உட்கார வைத்தார். மாமியார் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு அவரே எழுந்து போய்க் கத்திரிக்காய்ப் பச்சடியை எடுத்து அவர்களுக்குப் பரிமாறினார். நெல்லூர்க்காரருக்கு வலது கையில் கட்டு. என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கறியிலிருந்து எலும்பை எடுத்துவிட்டு, ஸ்பூன் கொடுத்தாள்.

சாயங்காலம் லாரியை நிமிர்த்தி ரோட்டைத் திறந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டு வேனில் வேலூருக்குக் கிளம்பினோம். அவர் ஜன்னல் பக்கம், நான் அவர் பக்கத்தில். அழுகை வருமென்று எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு வரவில்லை. மாதனூர் வந்தபோது அவர் மெதுவான குரலில், "உங்க ஊர் ரோட்டைப் பத்தி ஏதாவது சொல்லுங்க" என்றார். நான் சரித்திர டீச்சர் அல்லவா, நவாபு காலத்திலிருந்து ஆரம்பித்தேன். படைகள், சத்திரங்கள், முதல் தோல் மண்டி, முதல் லாரி என்று சொல்லிக்கொண்டே போனேன். பள்ளிகொண்டா தாண்டும்போது ஏதோ கேள்வி கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். முன் சீட்டிலிருந்த அவர் அக்கா திரும்பிப் பார்த்து, "அவன் அப்படித்தான், வண்டில ஏறுனா தூங்கிடுவான்" என்றாள். எழுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.