புது டயர் முன்னால், பழைய டயர் பின்னால்

டயர் கடையில் அவனை நட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். சக்கரத்தை மாட்டியதும் மற்றவர்கள் நட்டை ஒரு தடவை இறுக்கிவிட்டுக் கையைத் துடைப்பார்கள். இவன் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து மறுபடி எல்லாவற்றையும் இறுக்குவான். "இவன் மாட்டுற நட்டெல்லாம் டைட்டு, மண்டைக்குள்ள இருக்கிறது மட்டும் கொஞ்சம் லூசு" என்று பஞ்சர் ஒட்டுகிறவர் சொல்லிச் சொல்லி, அந்தச் சிரிப்பே தேய்ந்து மொட்டையாகிவிட்டது.

பள்ளிக்கூடம் அவனுக்கு ஒத்துவரவில்லை. தொழில் கற்றது பழைய பஸ் டிப்போவில். அங்கே ஒரே சட்டம்தான்: புது டயர் வந்தால் முன்சக்கரத்துக்கு, பழசு பின்னால். முன் டயர் வெடித்தால் பஸ்ஸோடு அத்தனை பேரும் பள்ளத்தில். அதை அவன் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான். எந்த வண்டி வந்தாலும் கை தானாக முன்பக்கம் போகும்.

அவனுடைய அக்கா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறவள். மகனுக்குக் கல்யாணம் முடித்துத் தனிக்குடித்தனம் வைத்த கையோடு, யாரையும் கேட்காமல் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். சிவப்பு. தரையோடு தரையாக. இரண்டே சீட்டு.

"ரெண்டு சீட்டை வச்சுக்கிட்டு என்னக்கா பண்ணுவே?"

"ஒண்ணு எனக்கு. இன்னொண்ணுல யாரு உட்காரணும்னு நான் முடிவு பண்ணுவேன்."

குடும்பமே எதிர்த்தது. அதிகம் குதித்தவன் நட்டுதான். "லாரிக்காரன் கண்ணுக்கு இது மூக்குத்தி மாதிரிதான் தெரியும், ஏத்திட்டுப் போயிடுவான்" என்று பார்க்கும்போதெல்லாம் புலம்பினான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரின் முன் டயர் இரண்டும் தேய்ந்தபோது மட்டும் தம்பியிடம் வந்தாள். பின் டயர்களும் பாதி தேய்ந்திருந்தாலும் இன்னும் ஓடும் என்று, புதிதாக இரண்டை முன்னால் மாட்டி அனுப்பினான்.

அதற்கப்புறம்தான் வினை. பெரிய சாலையில் சேரும் சரிவுப்பாதையில் அவள் ஆக்சிலேட்டரை மிதித்தால், ஸ்டியரிங்குக்குப் பின்னால் மீட்டர் பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு துடிக்கும்; எஞ்சின் மூச்சடைத்துத் தொய்யும். ஒருநாள் பின்னால் வந்த லாரி, முதுகில் ஏறுகிற மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு விலகிப் போனது. வொர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு கோளாறும் இல்லம்மா. சக்கரம் வழுக்கினா எஞ்சினை அடக்குறதுக்குத்தான் அந்த விளக்கு. மெதுவா மிதிங்க" என்றார்கள். மகன் சும்மா இருப்பானா? "வயசாச்சும்மா, வித்துடு" என்றான். எதற்கும் மசியாதவள் இதற்கு மசிந்தாள்.

வாங்குகிற ஆள் மறுநாள் வருவதாகப் பேச்சு. காற்றுப் பார்க்கக் கடைக்குக் கொண்டுவந்தாள். நட்டுவுக்கு உள்ளுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது, அவள் வாயைத் திறக்கும் வரை.

"கால் முன்ன மாதிரி இல்லடா. எவ்வளவு அழுத்துறேன்னு எனக்கே தெரியமாட்டேங்குது."

இந்தக் குரலை அவன் கேட்டதே இல்லை. புருஷன் செத்த அன்றைக்குக்கூட இப்படிப் பேசவில்லை.

"எங்கே, ஓட்டு பார்ப்போம்" என்று பக்கத்தில் ஏறினான்.

காய்ந்த தார்ச்சாலை. சரிவில் அவள் மிதித்தாள். அவன் விளக்கைப் பார்க்கவில்லை, அவள் பாதத்தைப் பார்த்தான். முட்டைமேல் கால் வைத்த மாதிரி அத்தனை பதம். ஆனாலும் விளக்கு துடித்தது, வண்டி தொய்ந்தது. வழுக்க அங்கே ஒன்றுமே இல்லை. கால் பொய் சொல்லவில்லை என்றால் வேறு எதுவோ சொல்கிறது.

கடைக்குத் திரும்பியதும் சாக்பீஸால் முன் டயரில் ஒரு கோடு, அதற்கு நேராகத் தரையில் ஒரு கோடு. பின் டயருக்கும் அதேபோல். வண்டியைத் தள்ளி ஒவ்வொரு டயரும் ஒரு சுற்றில் போன தூரத்தை நூல் பிடித்துப் பார்த்தான். முன் டயர் மூன்று விரல் அகலம் கூடுதலாகப் போயிருந்தது. புதுசு, மேலே இருக்கிற ரப்பர் பட்டன் தேயாத உயரம், கம்பெனியும் வேறு.

இந்தக் காரில் எஞ்சின் தள்ளுவது பின்சக்கரத்தை. நாலு சக்கரத்தின் சுற்றையும் உள்ளே ஒரு கம்ப்யூட்டர் பெட்டி எண்ணிக்கொண்டே இருக்கிறது. சின்னதாகிவிட்ட பின்சக்கரம் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றத்தானே செய்யும்? பெட்டி அதை வழுக்கல் என்று எடுத்துக்கொள்கிறது. கொஞ்சம் மிதித்தாலும் எஞ்சின் கழுத்தைப் பிடிக்கிறது. டிப்போ பஸ்ஸில் சுற்றை எண்ண யார் இருந்தார்கள்? ஆனைக்கும் அடி சறுக்கும். இங்கே சறுக்காத ஆனையைக் கட்டிப்போட்டது அவனுடைய சட்டம்.

அக்கா உள்ளே நாற்காலியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டால் போதும், நாளைக்கு வண்டி போய்விடும். லாரிக்கனவு வந்து அவன் திடுக்கிட்டு எழ வேண்டாம். இத்தனை நாள் அவன் கத்தியும் நடக்காததை அந்த மஞ்சள் விளக்கு செய்து கொடுத்துவிட்டது. ஸ்பேனரை எடுத்து, ஏற்கனவே இறுகியிருந்த நட்டுகளை இறுக்கினான். வண்டி போனால் போகட்டும். கால் போய்விட்டது என்ற நினைப்போடு அவள் எத்தனை வருஷம் நடப்பாள்? படி ஏறும்போதெல்லாம் கைப்பிடியைப் பிடிப்பாள். அப்புறம் நிஜமாகவே போய்விடும்.

உள்ளே போனான். "அக்கா, உன் கால்ல ஒண்ணுமில்ல. தப்பு என் கையில."

விளக்கிச் சொன்னான். அவள் தம்ளரை வைத்தாள்.

"ரெண்டு வாரமாடா! ரெண்டு வாரமா இந்தக் காலைப் பிசைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்!"

"திட்டு."

"திட்டறதுக்கு வேற நாள் பார்த்துக்கறேன். முதல்ல டயரை மாத்து, எருமை."

முன்னால் போட்ட அதே கம்பெனி டயர் இரண்டு கிடங்கில் இருந்தது. பின்னால் மாட்டிவிட்டு மறுபடி தள்ளிப் பார்த்தான். நாலும் ஒரே தூரம் போயின.

"புது டயர் மேல வழவழன்னு இருக்கும். அந்த வழவழப்பு தேயற வரைக்கும் கொஞ்ச நாள் அடக்கி ஓட்டு. இனிமே அந்த விளக்கு எரிஞ்சா நம்பு, நிஜமாவே வழுக்குதுன்னு அர்த்தம்."

"ஏறு."

சரிவில் நிதானமாகத்தான் மிதித்தாள். விளக்கு பேசாமல் இருந்தது. வண்டி ஒரே சீராக ஏறிச் சாலையில் கலந்தது. கண்ணாடியில் ஒரு லாரி சிறுத்துக்கொண்டே போனது. நட்டு இரண்டு கையாலும் கதவைப் பிடித்திருந்தான்.

"இப்பவும் எனக்குப் பயமாத்தான் இருக்குக்கா."

"இருக்கட்டும். வாங்க வர்றானே, அவனுக்குப் போனைப் போட்டு வரவேணாம்னு சொல்லு. நீ பண்ணின வேலை, நீயே பேசு."

அவன் ஒரு கையை மட்டும் கதவிலிருந்து எடுத்தான்.