பிறந்த வீட்டுக் கோடி

நெஞ்சுவலி வந்து பிழைத்தவனைப் பார்க்க வருகிறவர்களைப் போல அருவருப்பான ஜென்மங்கள் வேறு இல்லை என்பது பச்சமுத்துவின் தீர்மானம். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், முகத்தில் அரை அழுகை. கட்டிலில் கிடப்பவன் கண்ணைப் பார்க்கமாட்டார்கள், மார்பைத்தான் பார்ப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, இதே நோவில் போய்ச் சேர்ந்த யாரோ ஒன்றுவிட்ட சித்தப்பாவின் கதையை எடுப்பார்கள்.

எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் ஏர் பிடித்து, கரும்பு வெட்டி ஐம்பது வயதை எட்டிய ஆள் பச்சமுத்து. வாய் பெரிது. வாய்க்கால் தண்ணீருக்காக அவனோடு சண்டை போடாத பங்காளி ஊரில் கிடையாது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார்: தினமும் நடக்கவேண்டும், மனசு நோகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். முதலாவதை வீடு வந்து சேர்வதற்குள் மறந்துவிட்டார்கள். இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு அவன் பிராணனை வாங்கினார்கள்.

உப்பில்லாத கஞ்சி. அவன் உள்ளே வந்தால் ரேடியோ நின்றுவிடும். எதிர்த்துப் பேசியே வளர்ந்த மகன் பழனி இப்போது எதற்கெடுத்தாலும் "சரிப்பா" என்றான். வேண்டுமென்றே அவனை நாறத் திட்டிப் பார்த்தான் பச்சமுத்து. அதற்கும் "சரிப்பா". பெண்டாட்டி ராணியம்மாள், அவன் கண்ணயர்ந்தால் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். அந்த விரலில் அடிக்கும் பூண்டு வாடை அவனுக்குக் குமட்டும். பயம் அவனுக்கும் இல்லாமல் இல்லை. படுத்தால் காதுக்குள் இதயம் அடிக்கும். அது எப்போது தப்பும் என்று காது கொடுத்தபடியே கிடப்பான். இப்படிப் பயந்து சாகிற தன் உடம்பின் மேலேயே அவனுக்கு வெறுப்பு வந்தது.

இதையெல்லாம் கொட்ட ஒரே இடம் அக்கா கொளஞ்சியம்மாள். திருக்கோவிலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். "இன்னாடா, நீ இன்னும் சாவலியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டவள் அவள் ஒருத்திதான். அவளும் காய்ச்சலில் கிடக்கிறாள் என்று தெரிந்ததும், போய்ப் பார்த்தே தீருவேன் என்று நின்றான்.

அது எண்பத்தேழு புரட்டாசி. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். ஊர்ப் பையன்கள் பச்சமுத்துவின் கோடாலியை வாங்கிப் போனார்கள், அவனைக் கூப்பிடவில்லை.

"ரோடே இல்லப்பா, எப்பிடிப் போவ?" என்றான் பழனி.

பச்சமுத்து அடங்கிப்போனான். தன் கோடாலி சாய்த்த மரத்தைத் தாண்டிப் போகிறேன் என்று அவனே எப்படிச் சொல்வான்?

மறியல் முடிந்து பஸ் ஹாரன் கேட்ட காலையில் சட்டையை மாட்டினான். ராணியம்மாள் வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றாள். பழனி தலையைக் குனிந்துகொண்டான். மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே அவன் கால் முழுக்க முள் கிழித்திருந்தது.

"இன்னாடா இது?"

"ரோட்டுல போவ முடியலப்பா. வரப்பு மேல சைக்கிளத் தள்ளிக்கினு போனேன்." அவன் குரல் இறங்கியது. "அத்த மறியல் நடுவுலயே போயிடிச்சி. நான்தான் கோடி போட்டேன்."

கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை வந்தாகவேண்டும். அதைப் போர்த்தாமல் பாடை எழும்பாது. போர்த்தவேண்டிய கை கூடப்பிறந்தவன் கை. சாவு சொல்ல வந்த ஆளைத் தெருமுனையிலேயே மடக்கித் திருப்பி அனுப்பியிருக்கிறாள் ராணியம்மாள். தீபாவளிக்கு எடுத்து வைத்திருந்த புதுப்புடவையை மகனிடம் கொடுத்துவிட்டு, உள்ளே வந்து புருஷனுக்குக் கஞ்சி ஊற்றியிருக்கிறாள்.

"உங்க நெஞ்சு தாங்காதுன்னுதாங்க..."

"அப்ப எதுக்குடி நான் உசுரோட இருக்கறேன்? கஞ்சி குடிக்கவா?"

காறி வாசலில் துப்பினான்.

கருமாதிக்கு அவனை நடுவில் விட்டுச் சுற்றிச் சூழ்ந்து அழைத்துப் போனார்கள். பிறந்த வீட்டு ஆள் வந்தால் பெண்கள் கட்டிக்கொண்டு அழுவது வழக்கம். தெருவில் வரும்போதே ஒப்பாரி கேட்டது. பச்சமுத்து பந்தலுக்குள் கால் வைத்ததும் அது பட்டென்று நின்றது.

"நெஞ்சுநோவுக்காரரு வந்துட்டாரு, யாரும் அழுவாதீங்க" என்றது ஒரு குரல். நாற்காலி வந்தது. சோடா வந்தது. ஒருவன் விசிறினான். செத்தவள் வீட்டில் தனக்கா இந்த உபசாரம் என்று சோடாவைத் தள்ளிவிட்டான் பச்சமுத்து.

அக்கா மகள் மலர்விழி மூலையில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். எழுந்து அவளிடம் போனான்.

"ஏன் பாப்பா, அழுவலியா?"

"உங்களுக்கு ஆவாதுன்னாங்க மாமா."

அவள் தலையை இழுத்து, வலி வந்த இடத்திலேயே வைத்து அழுத்திக்கொண்டான்.

"இங்கயே அழு."

ராணியம்மாள் முந்தி முடிச்சை அவிழ்த்து, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையோடு ஓடி வந்தாள்.

"மாத்திரய முடிஞ்சி வெய்யி" என்றான்.

மலர்விழி வாய்விட்டு அழுதாள். "உங்கம்மாவுக்கு என் கையால கோடி போடல பாப்பா" என்று அவனும் உடைந்தான். நின்றுபோன ஒப்பாரியைப் பந்தலில் யாரோ மறுபடி எடுத்தார்கள். மார்புக்குள் படபடவென்று அடித்தது. அது தப்புகிறதா என்று அவன் காது கொடுக்கவில்லை.