எங்கட குடும்பத்துத் தலை

மாங்கேணியிலிருந்து வந்த அந்தக் குழந்தையின் தலை வயதுக்கு மீறிப் பெரிதாக இருந்தது. அதற்காகவே தகப்பன், மனைவியின் வீட்டை விட்டுத் தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டிருந்தான். ஸ்கேனுக்கு மட்டும் கூட வந்தான்.

"வயித்தில பிள்ளையோட கிரகணத்துக்குள்ள வெளிய போனவ, டொக்டர். சொன்னாக் கேக்கல்ல," என்றான். அவள் குழந்தையை ஸ்கேன் கட்டிலில் கிடத்தினாள்.

உச்சிக்குழியில் ஸ்கேன் கருவியை வைத்து மூளையைப் பார்த்தேன். நீர் கோத்திருக்கவில்லை, வேறு குறையும் இல்லை. வழக்கப்படி பெற்றோரின் தலைகளையும் அளந்தேன். அவனுடையது மிகப் பெரியது.

"பயப்பட ஒண்டுமில்ல. தகப்பன்ட தலைதான் பிள்ளைக்கும்," என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. "எங்கட குடும்பத்துத் தலைதானே!" என்று மகனைத் தூக்கிக்கொண்டவன் மனைவியிடம் சொன்னான்: "சரி, இண்டைக்கு வீட்ட வாறன். சோறாக்கி வை."

அவள் தலையாட்டினாள். நல்ல செய்தி சொன்ன எனக்கு வாயெல்லாம் கசந்தது. நோய் இருந்திருந்தால், அந்தத் தலை அவளுடையதாகவே இருந்திருக்கும்.